எத்தனை ஆண்டு உழைக்கும்? ஊரகக் கான்கிரீட் வீடுகள்: ஒரு மதிப்பீடு

கான்கிரீட்டால் சூழலுக்கு நேரும் கேட்டைக் குறைக்க இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, சிமெண்டின் செய்முறையை மாற்றுவது. மற்றது, கட்டியதை நெடுங்காலம் உழைக்கச் செய்வது. முதல் வழிக்கு ஆய்வகம், ஆலை, முதலீடு, விளம்பரம் எல்லாம் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பரிந்து பேச ஆள் குறைவு. அதன் மூலவாதத்தைத் துணிவாக முன்வைத்தவர் பெர்க்லியில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியராக இருந்த பி. குமார் மேத்தா. 50 ஆண்டு நிற்கும் கட்டுமானங்களை 500 ஆண்டு நிற்கும்படி கட்டினால், மூலப்பொருளின் பயன் பத்து மடங்காகும் என்று 2001இல் அவர் எழுதினார். கணக்கில் பிழையில்லை. அந்த 500 ஆண்டு எங்கிருந்து வரும், என்ன விலைக்கு வரும், யார் காவலில் வரும் என்பதில்தான் வாதத்தின் உரம் அடங்கியிருக்கிறது. அந்த உரத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைத்து உரசிப் பார்ப்பதே இம்மதிப்பீட்டின் நோக்கம்.

உத்திரமேரூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆயிரம் ஆண்டு கடந்த கட்டடங்கள் அங்கே நிற்கின்றன. அரசுத் திட்டங்களில் எழுந்த தொகுப்பு வீடுகள் சுற்றுக் கிராமங்களில் இருக்கின்றன. வட்டாரத்துக் குன்றுகளை உடைக்கும் கல்குவாரிகளும் கிரஷர்களும் ஜல்லியையும் எம்-சாண்டையும் லாரி லாரியாக அனுப்பியபடி இருக்கின்றன. கான்கிரீட்டின் பிறப்பையும் பயனையும் மூப்பையும் ஒரே வட்டத்துக்குள் பார்க்க வாய்ப்பது அரிது.

எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். ஆயுளைத் தரும் இயக்கம் எது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். கூடுதல் ஆயுள் கூடுதல் சிமெண்டால் வாங்கப்பட்டதா, வேலைத்தரத்தால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். கட்டி முடித்தபின் அந்த ஆயுளைக் காக்கப் பொறுப்பான அமைப்பு இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ‘நீடித்த கட்டுமானம்’ வெறும் முழக்கம்தான்.

சிமெண்டுத் துறை உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காட்டுக்குப் பொறுப்பு. அதில் பெரும்பங்கு, சுமார் 60 விழுக்காடு, எரிபொருளிலிருந்து வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே வெளிவிடுவது. சூளைக்கு எவ்வளவு தூய எரிபொருளைக் கொடுத்தாலும் இந்தப் பங்கு அப்படியே இருக்கும். ஜல்லிக்கு உடைத்த குன்று திரும்ப வளராது. அள்ளிய பாலாற்று மணல் நினைத்த வேகத்தில் திரும்பச் சேராது. ஆகவே ஒரு மூட்டை சிமெண்ட் எத்தனை ஆண்டு உழைத்தது என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது. இதுவரை மேத்தாவின் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

அவர் எழுத்தோடு நிற்கவும் இல்லை. ஹவாய்த் தீவான கௌவாயில் உள்ள சைவ ஆதீனத்தின் இறைவன் கோயிலை வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. அதற்கு ஆயிரம் ஆண்டு தாங்கும் அடித்தளம் கேட்கப்பட்டபோது, 1999இல் மேத்தா வகுத்த கலவை மரபுக்கு மாறானது. ஒரு கனமீட்டருக்கு 106 கிலோ சிமெண்ட், 142 கிலோ அனல்மின் நிலைய உலர் சாம்பல். சுமார் 36 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தளம் தலா 61 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு அடுக்காக வார்க்கப்பட்டது. கம்பி ஒன்றுகூட இல்லை. சிமெண்ட் குறைவு என்பதால் இறுகும்போது எழும் வெப்பம் குறைந்தது. வெப்பம் குறைந்ததால் விரிசல் தவிர்ந்தது. கம்பி இல்லாததால் துருவுக்கே இடமில்லை. இயக்கம் தெளிவு, சிமெண்டும் சிக்கனம், காக்க ஓர் ஆதீனமும் உண்டு. மூன்று அளவுகோல்களிலும் இது முழுமதிப்பெண் பெறும் படைப்பு.

ஆனால் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது தரையில் படிந்து அழுத்தத்தை மட்டும் தாங்கும் பாளம். வீட்டின் கூரைத்தளம் அப்படியல்ல. இரு சுவர்களுக்கிடையே தொங்கி நிற்கும் தளத்தின் அடிப்புறம் இழுபடும். இழுவிசையைத் தாங்கக் கான்கிரீட்டால் ஆகாது, கம்பி வேண்டும். கம்பி வந்ததும் துருவும் கூடவே வருகிறது. கௌவாயின் வெற்றியைக் கூரைக்கு நீட்டிச் சொல்பவர்கள், அந்த வெற்றிக்கு அடிப்படையான நிபந்தனையையே கழற்றிவிட்டுப் பேசுகிறார்கள்.

உத்திரமேரூரின் பழங்கட்டடங்களைக் காட்டி நிகழ்காலத்தைச் சாடும் வழக்கத்திலும் இதே பிழை இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளைத் தாங்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்கள் கருங்கல். அவை அழுத்தத்தில் நிற்பவை. துருப்பிடிக்க அவற்றுள் எதுவும் இல்லை. இடிந்துபோன பழங்கட்டடங்கள் நம் கண்ணில் படுவதில்லை; நின்றவை மட்டுமே சாட்சி சொல்ல வருகின்றன. அன்றைய குடியிருப்புகளில் எத்தனை இன்று நிற்கின்றன என்று கேட்டால் ஒப்பீடு அங்கேயே முறிந்துவிடும். ‘அந்தக் காலத்துச் சுண்ணாம்பு’ என்று பெருமூச்சு விடுவது திறனாய்வு ஆகாது.

எனினும் பழமையிடமிருந்து நியாயமாகக் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அது பொருள் சார்ந்ததல்ல, பராமரிப்பு சார்ந்தது. அதே ஊரின் கைலாசநாதர் கோயிலில் கருங்கல் அடித்தளத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்த விமானம், சிதைந்தபோது மீண்டும் சுண்ணாம்புச் சாந்தாலேயே சீரமைக்கத்தக்கதாக இருந்தது. பழுது தெரியும்படி மூப்படைவதும், அதே பொருளால் பழுது நீக்க இடம் தருவதும் ஆயுளின் பாதி. குடவோலைக் கல்வெட்டுகள் சொல்லும் ஊர்ச் சபை தன் ஏரிக்கு ஏரி வாரியம் என்றே தனிக் குழு வைத்தது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வரத் தகுதியிழந்தார்கள். கட்டியவர் புகழைவிடக் காத்தவர் கணக்கைப் பெரிதாக மதித்த நிர்வாகம் அது. மூன்றாவது அளவுகோலை நாம் வெளியூரிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

இனி, தீர்ப்பு உண்மையில் தங்கியிருக்கும் இடத்துக்கு வருவோம்: ஒரு சிறு வீட்டின் கான்கிரீட் கூரை.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவி அந்தக் காரத்தை நீக்குகிறது. இதுவே கார்பனேற்றம். அது கம்பியைத் தொட்டதும் படலம் அழிகிறது. ஈரமும் சேர்ந்தால் துரு தொடங்குகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கலில் தளத்தின் அடிப்புறம் காரை காரையாகப் பெயர்ந்து விழுகிறது. கடற்கரையில் உப்பு இந்த வேலையைச் செய்யும். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் உத்திரமேரூரில் முதன்மைக் குற்றவாளி கார்பனேற்றமே.

இந்த ஊடுருவலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். முதல் ஆண்டில் 4 மில்லிமீட்டர் ஊடுருவ விடும் ஒரு சுமாரான கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். 20 மி.மீ. ஆழத்தில் இருக்கும் கம்பியை எட்ட 25 ஆண்டு ஆகும். 10 மி.மீ. ஆழத்தில் இருக்கும் கம்பியை எட்ட ஆறு ஆண்டும் சில மாதங்களும் போதும். கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், பாதியானால் காலம் கால்வாசி ஆகிறது. அதே கான்கிரீட் வார்த்தபின் நன்றாக நீரூட்டப்பட்டு (க்யூரிங்), முதல் ஆண்டில் 2 மி.மீ. மட்டுமே ஊடுருவ விட்டால், 20 மி.மீ. கவர் நூறு ஆண்டு தாங்கும். இந்த மூன்று கூரைகளுக்கும் சிமெண்ட் மூட்டையின் எண்ணிக்கை ஒன்றே. ஆயுளோ ஆறுக்கும் நூறுக்கும் இடையே ஊசலாடுகிறது. மேத்தாவின் வாதத்துக்கு இதைவிட வலிமையான சான்று வேறில்லை. வேலைத்தரத்தைப் புறக்கணித்து அந்த வாதத்தைப் பேசுவோருக்கு இதைவிடக் கடுமையான மறுப்பும் இல்லை.

வேலையிடத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பி கட்டி முடிந்ததும், அந்த இடைவெளியைக் காக்க அடியில் வைக்க வேண்டிய சிறு கட்டையான கவர் பிளாக் இருக்காது. கைக்கு வந்த ஜல்லியைக் கம்பிக்கடியில் செருகுவார்கள். முக்கால் ஜல்லி படுக்கையாக விழுந்தால் 10 அல்லது 12 மி.மீ. உயரம் கிடைக்கும். பாண்டு சுமப்பவர்கள் மிதித்து நடக்க, அதுவும் நழுவிக் கம்பி தகட்டிலேயே படுத்துவிடும். இதில் ஒரு வஞ்சம் இருக்கிறது: கம்பி கீழே இறங்கினால் தளம் சுமை தாங்கும் திறன் குறையாது, சற்றுக் கூடவே செய்யும். அதனால் சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் எந்தக் குறையும் தெரியாது. பலத்தையும் ஆயுளையும் ஒன்றென்று கருதும் கண்ணுக்கு இந்தத் தவறு புலப்படுவதே இல்லை.

தண்ணீரின் கதையும் அதுவே. ஐ.எஸ். 456 விதிநூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, எம்-20 பெயரளவுக் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர் என்று வரையறுக்கிறது. எம்-சாண்டின் கூர்முனைத் துகள்கள் ஆற்று மணலைப்போல் எளிதில் வழுக்காது. அதே இளக்கம் வேண்டுமானால் கூடுதல் தண்ணீரோ இளக்கியோ சேர்க்க வேண்டும். இளக்கி வாங்கும் வழக்கம் கிராமத்து வேலைகளில் குறைவு. குடம் எப்போதும் பக்கத்தில் இருக்கிறது. கலவை கஞ்சிபோல் ஓடினால் போடுவது சுலபம். பின்னால் அந்த உபரி நீர் ஆவியாகி விட்டுச்செல்லும் நுண்துளைகளே கரியமில வாயுவின் வாசல். அதே விதிநூல் சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் வெப்பமான வறண்ட சூழலுக்கும் 10 நாளும் குறைந்தபட்ச நீரூட்டலாகக் கேட்கிறது. கடைகளில் இன்று பரவலாகக் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி.தான். வீடு கட்டும் பருவமோ கோடை. ஆடி பிறக்கும்முன் புதுமனை புக வேண்டும் என்ற அவசரம் வேறு. பாத்தி கட்டித் தேக்கிய நீர் மூன்றாம் நாளே வற்றி, நான்காம் நாள் மேல்வேலை தொடங்கிவிடுவது அரிதல்ல.

விதிநூலைப் பற்றியும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். கவரில் குறைவுக்குத் தளர்வே கிடையாது, கூடுதலுக்கு 10 மி.மீ. வரை இடமுண்டு என்று அது வகுத்திருப்பது கூர்மையான விதி. சூழலின் கடுமையை ஐந்து தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட் தரம், நீர்-சிமெண்ட் விகிதம், கவர் என்று தனித்தனி வரம்பு வைத்திருப்பதும் சீரான முறை. குறை இரண்டு. மென்மையான சூழலில் 12 மி.மீ. வரையிலான கம்பிக்குக் கவரை 20இலிருந்து 15 ஆகக் குறைக்க அனுமதிப்பது, மேற்கண்ட வர்க்கமூலக் கணக்கின்படி ஆயுளில் ஏறக்குறைய பாதியை விட்டுக்கொடுப்பது. அடுத்தது இன்னும் அடிப்படையானது. விதிகளைப் பின்பற்றினால் கட்டடம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நூல் எண்ணிட்டுச் சொல்வதில்லை. ஆண்டு சொல்லாத விதியை வைத்து ஆண்டுக்கணக்கில் பொறுப்புக் கேட்க முடியாது.

புதிய சிமெண்டுகளும் இந்தத் தராசில் ஏற வேண்டியவையே. சென்னை, டெல்லி ஐஐடிகள் சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு சேர்ந்து வளர்த்த எல்.சி.3 சிமெண்டில், சூளையில் சுட்டெடுக்கும் மூலப்பொருளான கிளிங்கர் பாதிதான். 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு அரைத்த சுண்ணாம்புக்கல். 2023இல் ஐ.எஸ். 18189 என்ற தரநிர்ணயமும் கிடைத்துவிட்டது. உப்பு ஊடுருவலை எதிர்ப்பதில் அதன் திறம் மெய்யானது. கடலோரக் கட்டுமானத்துக்கு அது பெரும்பேறு. ஆனால் கிளிங்கர் குறையும்போது கான்கிரீட்டின் காரச் சேமிப்பும் குறைகிறது. கார்பனேற்றத்தை எதிர்ப்பதில் அது சாதாரணச் சிமெண்டுக்கு ஒரு படி கீழே. உத்திரமேரூர் போன்ற உள்நாட்டு ஊரில், மெல்லிய கவரோடும் மூன்று நாள் நீரூட்டலோடும் அதைப் பயன்படுத்தினால், ஆலையில் மிச்சமான கரி கூரையில் வீணாகும். சிக்கனச் சிமெண்ட் வேலைத்தரத்தின் தேவையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. சாம்பல் சிமெண்டுக்கும் இதுவே பொருந்தும்.

இப்போது திட்டங்கள். 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீடும் ஐந்து சூரிய விளக்குகளும் தந்தது. குடிசையிலிருந்து கூரைத்தளத்துக்கு மக்களை ஏற்றியது அதன் மறுக்க முடியாத அறம். ஆனால் ‘பசுமை’ என்ற சொல்லை அது விளக்கின் மேல் வைத்தது. வீட்டுக் கூரையில் 5 அங்குலத் தளம் என்று கொண்டால் சுமார் மூன்றரை கனமீட்டர் கான்கிரீட், ஏறக்குறைய 1,100 கிலோ சிமெண்ட். அது 25 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 45 கிலோ. 75 ஆண்டு உழைத்தால் 15 கிலோ. விளக்கைவிடப் பெரிய பசுமை அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. அதைத் திட்டம் தன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் ஆண்டில் ஒரு லட்சம் வீட்டுக்கு 3,500 கோடி ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். பயனாளியே முன்னின்று கட்டுவது இதன் நிறை: தன் வீடு என்ற அக்கறை வேலையிடத்திலேயே இருக்கிறது. குறை, பணம் விடுவிக்கும் முறையில். அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, நிறைவு என்று நிலைக்கு நிலை தொகை வருகிறது. கூரை போட்டதும் தவணை. பத்து நாள் நீரூட்டியதற்குத் தவணை இல்லை. கவரை அளந்ததற்குச் சான்று கேட்பதில்லை. எதற்குப் பணம் தரப்படுகிறதோ அதுவே கிடைக்கும்; இங்கே வேகம் கிடைக்கிறது.

அதே 2024இல், 2000-2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 லட்சம் ஊரக வீடுகளைச் சுமார் 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்க்கும் அறிவிப்பும் வந்தது. சராசரியாக வீட்டுக்கு 80,000 ரூபாய். இடித்துக் கட்டாமல் பழுதுபார்ப்பது, சூழல் நோக்கில் புதிய வீடு எதையும்விட உயர்ந்த செயல். இதை மனம் திறந்து பாராட்ட வேண்டும். ஆனால் கால் நூற்றாண்டு காத்திருந்து மொத்தமாகச் செய்வது பராமரிப்பு ஆகாது, மீட்பு. மேலே ஒழுகும் தளத்தை அடைக்க ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கியிருந்தால், ஈரம் இல்லாமல் துரு வளர்ந்திருக்காது. பெரும்பழுதுகள் பலவும் சிறுபழுதாகவே நின்றிருக்கும்.

ஆயுள்வாதத்துக்கு எதிரான வாதங்களில் இரண்டு கனமானவை. முதலாவது, ஆயுளுக்காக இன்றே சிமெண்டைக் கூட்டினால் அந்தக் கரி இன்றே காற்றில் கலக்கிறது. லாபமோ ஐம்பது ஆண்டு கழித்து. இது சரியான எச்சரிக்கை. தரத்தை எம்-20இலிருந்து எம்-30 ஆக்கினால் எல்லாம் சரியாகும் என்போருக்கு இது பொருந்தும். ஆனால் கவர் பிளாக்குக்கும் பாத்தித் தண்ணீருக்கும் கரிச்செலவு இல்லை என்றே சொல்லலாம். வேலைத்தரத்தால் வரும் ஆயுளை இந்த வாதம் தொடுவதில்லை. இரண்டாவது, கட்டடங்கள் துருவால் மட்டும் சாவதில்லை. பயன் தீர்ந்தும் சாகின்றன. மகனுக்குத் திருமணம் ஆனதும் 300 சதுர அடி போதாது. மேல்மாடி தாங்காத அடித்தளம் என்றால், நூறு ஆண்டு உழைக்கக்கூடிய கூரையும் இருபதாம் ஆண்டில் இடிபடும். இந்த மறுப்பை மேத்தாவின் வாதம் சரியாக எதிர்கொள்ளவில்லை. கோயிலுக்கு 500 ஆண்டு பொருந்தும். குடும்பம் வளரும் வீட்டுக்கு, அதன் மேலும் பக்கத்திலும் விரிய இடம் தராத ஆயுள் பாதிப் பயன்தான்.

ஆகத் தீர்ப்பு இப்படி அமைகிறது. நீண்ட ஆயுளே கான்கிரீட்டின் முதல் சிக்கனம் என்ற கொள்கை நிற்கிறது. ஆனால் 500 ஆண்டு என்ற எண்ணோடு அல்ல, 75 முதல் 100 ஆண்டு என்ற அடக்கமான எண்ணோடு. விதிநூல் முறையில் தேர்கிறது, ஆண்டு சொல்லத் தயங்குவதில் தவறுகிறது. புதிய சிமெண்டுகள் இடமறிந்து பயன்படுத்தினால் வரவு. இடமறியாமல் என்றால் செலவு. வேலையிடம் மூன்று அளவுகோலில் இரண்டாவதிலேயே தோற்கிறது. ஆனால் அந்தத் தோல்வியே மலிவாகத் திருத்தத்தக்கதும்கூட. திட்டங்கள் நோக்கத்தில் உயர்ந்தவை, மதிப்பீட்டு முறையில் குறையுள்ளவை.

திருத்தத்துக்குப் பெரிய நிதியோ புதிய கண்டுபிடிப்போ வேண்டாம். கூரைத் தவணையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் கவர் பிளாக் வைத்த கம்பிக்கட்டைப் பார்த்தபின்னும், மறுபகுதியைப் பத்து நாள் நீரூட்டியபின்னும் விடுவிக்கலாம். சிமெண்டும் கம்பியும் வழங்கும் துறையே கவர் பிளாக்கையும் ஒரு பையில் சேர்த்து வழங்கலாம். வார்த்த தேதி, சிமெண்ட் வகை, கவரின் அளவு ஆகியவற்றை வீட்டுச் சுவரிலும் ஊராட்சிப் பதிவேட்டிலும் எழுதி வைக்கலாம். ஆண்டுப் பராமரிப்பு நிதிக்கு ஊராட்சி கணக்குக் காட்ட வேண்டும் என்று விதிக்கலாம். இவற்றைச் செய்த திட்டத்தைப் பசுமையானது என்று தயக்கமின்றி ஏற்கலாம். கட்டிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, உழைக்கும் ஆண்டுகளைச் சொல்லாத எந்தத் திட்டமும், எத்தனை லட்சம் வீடுகளைக் காட்டினாலும், அந்தப் பெயருக்கு இன்னும் தகுதி பெறவில்லை.